ஒன்றாம் தேதிப் பெஞ்சு

ஏலிக்குட்டி தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. மாதம் பிறந்ததும் மீனச்சிலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கருவூலத்துக்குப் போய்ப் பென்ஷன் வாங்குவாள். அவளோடு ஒரே வார்டில் வேலை பார்த்த தங்கமணியும் நபீசாவும் வந்துவிடுவார்கள். பணம் கைக்கு வந்ததும் காபி ஹவுஸில் பீட்ரூட் மசாலா தோசை, அப்புறம் மூன்று மணி நேரப் பேச்சு. மற்ற நாட்களை ரப்பர் மரங்களும் கோழிகளும் மகன் சாஜனும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு நாள்தான் அவளுடையது.

கருவூலம் இருந்தது மாடியில். போன மாதம் பத்தாவது படியில் முட்டி மடங்க மாட்டேன் என்றது, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கமணியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் வீடு திரும்பும் முன்பே சேதி சாஜனுக்கு எட்டிவிட்டது. மறுநாள் மூன்று வங்கிகளின் காகிதங்களோடு வந்து நின்றான். பென்ஷனை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கணக்குதான் நல்லது, வாசலைக்கூடத் தாண்ட வேண்டாம் என்றான்.

"பணம் வீட்டுக்கு வரும். தங்கமணியும் வருவாளாடா?"

"அவங்க எதுக்கு அம்மச்சி?"

ஏலிக்குட்டி காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

முதல் வங்கியில் வட்டி கால் சதவீதம் கூடுதல். ஆனால் உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் காவலாளி. வீட்டுக்குப் பணம் அனுப்பும் வங்கியில் மெத்தை நாற்காலிகள் இருந்தன; கொஞ்சம் சத்தமாகத் தும்மியதற்கே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது, சந்தை முக்கில். படியே கிடையாது, சரிவுதான். குறைந்தபட்ச இருப்பும் வேண்டாமாம். சுவரோரம் நீளமான மரப்பெஞ்சு. நடுவில் உட்கார்ந்து ஒரு பக்கம் பையையும் மறுபக்கம் குடையையும் வைத்துப் பார்த்தாள். இன்னும் இடம் மிச்சமிருந்தது. காபி ஹவுஸ் நாலு கடை தள்ளி.

கால் சதவீதம் போச்சே என்று சாஜன் அங்கலாய்த்தான். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூவரும் சந்தை முக்கு வங்கிக்கே மாற வேண்டும்; அதில் தங்கமணிதான் கவலை. விண்ணப்பம், அலைச்சல், கருவூலத்து ஜன்னல் காற்று என்று போனில் ஆயிரம் சாக்கு சொன்னாள். தங்கமணி வந்தால் தானும் வருவதாக நபீசா ஒதுங்கிக்கொண்டாள். ஏலிக்குட்டி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தனியாக மாறினால் பென்ஷன் வரும். ஒன்றாம் தேதி வராது.

சாயங்காலம் தங்கமணியை மறுபடி கூப்பிட்டாள்.

"நான் படியில உக்காந்தப்ப நீ ஏன்டி பக்கத்துல உக்காந்த?"

"உனக்குத் துணைக்குத்தான்."

"நிஜமாவா?"



"எனக்கும் முட்டி வலிதான். நீ முந்திக்கிட்ட." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் பெஞ்சுல முதுகு சாஞ்சுக்கலாமா?"

"சாஞ்சுக்கலாம்."

இரண்டு மாதம் கழித்து ஒன்றாம் தேதி மூவரும் அந்தப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காசாளர் பையன் பணிவாக வந்து, பென்ஷன் காலையிலேயே கணக்கில் ஏறிவிட்டது, போனில் செய்தியும் வந்திருக்கும், இனி இதற்காக நேரில் வர வேண்டியதே இல்லை என்று விளக்கினான்.

நபீசா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பணத்துக்கா வந்தோம்? அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை மோனே. தங்கமணிக்குக் காத்து வேணுமாம்."