ஒரே சமையல்

"நாங்க வேறங்க சார், அவங்க வேற..."

"என்ன வேற? எங்க சட்டிச் சோத்தத் தின்னுட்டு என்னக்கா வேற?"

"தின்னேன், இல்லேங்கல. அதுக்கு முன்னாடி உன் அடுப்புப் பக்கமே..."

"ரெண்டு பேரும் ஒண்டாக் கதைச்சா நான் ஆரின்ர கதையைக் கேக்கிறது?" என்று கிளார்க் அம்பிகைபாகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்க, பள்ளிக்கூடக் கூடம் ஒன்றில் போட்டிருந்த மேசை அது. எதிரே மதலேனா, அவள் ஓரகத்தி உர்சுலா. உர்சுலாவுக்குப் பின்னால், புது வீட்டுச் சாவியைப் பிடித்தபடி அவள் புருஷன் சவரிராஜ்.

பொத்தோங் பாசிர் என்ற பள்ளப் பகுதியில் ஒரு தகரக்கூரை வீடு. நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் மதலேனாவும் மகள் ரெஜினாவும். அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பம், ஐந்து பேர். மதலேனாவின் புருஷன் கண்மூடிய வருஷமே வாசல் வேறு, அடுப்பு வேறு என்று ஆகிவிட்டது. போன டிசம்பர் வெள்ளம் தாழ்வான அவள் பக்கத்தில்தான் முதலில் புகுந்தது. அடுப்பு சேற்றுக்குள் போனது. வாயைத் திறந்து கேட்கும் முன்பே உர்சுலா வந்து கூப்பிட்டாள். "எங்ககிட்டயே சாப்பிடுங்கக்கா, பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" மதலேனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரப்பர் பூட்ஸோடு அம்பிகைபாகன் கணக்கெடுக்க வந்தபோது அவள் மடியில் உர்சுலாவின் தட்டு இருந்தது. "உங்கட சமையல் ஒண்டோ, வேறயோ?" என்று கேட்டார். போட்டவள் எதிரே நிற்க, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு வேறென்று எந்த நாக்கு சொல்லும்? "ஒண்ணுதாங்க" என்றாள். உர்சுலா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

சமையல் ஒன்றென்றால் குடும்பம் ஒன்று, ஏழு பேருக்கு மூவறை வீடு. ஐந்து பேரென்றால் ஈரறைதான். இது உர்சுலாவுக்கு அன்றைக்கே தெரியும். மதலேனாவுக்குத் தெரியாது. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது உர்சுலா கேட்டாள், "நீங்க எங்கக்கா போறதா யோசனை?" அப்போதுதான் புரிந்தது. வியாழக்கிழமை பழைய வீட்டை இடிக்க வருகிறார்கள்.

"உங்கட பேரும் அந்த வீட்டிலதானே கிடக்கு. போய் இருங்கோவன்" என்றார் அம்பிகைபாகன்.

"உள்ள விடமாட்டேங்கிறா சார். எனக்கும் எம் மகளுக்கும் ஓரறை வீடு குடுத்தாப் போதும்."

"யாரு விடமாட்டேன்னா? கோவத்துல பேசுறாங்க லா சார். இவங்க இல்லாம நாங்க ஒரு வாய் சாப்பிட்டிருப்போமா?" உர்சுலா சேலைத் தலைப்பால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். அப்படியே மதலேனாவின் காதருகே குனிந்தாள். "ரெஜினாவ வேணும்னா விட்டுட்டுப் போங்க. சட்டி கழுவ ஆளு வேணும்."

மதலேனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு ஒரு மரியாதைக்குச் சொன்னேன் சார்."

"மரியாதைக்கு வீடு குடுக்கேலாது அம்மா." அவர் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "குடும்பத் தலைவர் வேறயெண்டு சொன்னால் மாத்தலாம். ஆனா அவைக்கு ஈரறைதான் வரும்." சவரிராஜை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ. இவ உங்கட குடும்பமோ, இல்லையோ?"

சவரிராஜ் உர்சுலாவைப் பார்த்தான். உர்சுலா அவனைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்தாள்.

"அண்ணிதானே சார்" என்றான், தரையைப் பார்த்தபடி. "எங்க குடும்பந்தான். அண்ணன் சாகும்போது என் கையிலதான் ஒப்படைச்சிட்டுப் போனாரு."

வரிசையில் நின்ற யாரோ, "தங்கமான கொழுந்தன்" என்றார்கள். அம்பிகைபாகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்தவரைக் கைகாட்டி அழைத்தார்.

மதலேனா வரிசையைவிட்டு நகரவில்லை. எட்டிக் கொழுந்தனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்யா. நான் உனக்கு யாருமில்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுய்யா."