அணைக்காத கம்ப்யூட்டர்

கேசட் அண்ணன் இறந்து பதினோரு நாளாகியும் அவருடைய கம்ப்யூட்டரை அண்ணி அணைக்கவில்லை. “அணைச்சா எல்லாம் போயிடும்னு சொல்லுவாரு” என்று எனக்குப் போன் செய்தார். உண்மைதான். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த மெஷின்களில் எழுதியதைக் கேசட்டில் பதியாவிட்டால், மின்சாரம் போன நொடியே எல்லாம் அழிந்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் இத்தனை நாள் தப்பியது.

பதியவேண்டிய கேசட் பிளேயர் என் மேஜையில் கிடந்தது. அறுந்த பெல்ட்டை மாற்றித் தருகிறேன் என்று வாங்கி, நான்கு மாதமாக இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். ஊர் தூக்கிப்போட்ட மெஷின்களைப் பிழைக்க வைக்கிறோம் என்று மார்தட்டும் கூட்டம் நாங்கள், அண்ணனையும் சேர்த்து ஏழு பேர். அதில் என் லட்சணம் இது.

ஓடுகிற மெஷினில் புதிதாக எதையும் செருகப் பயம். புரோகிராமைத் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்து, பகல் முழுக்க நோட்டில் எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு வரி. அது ஒரு சீட்டாட்டம். விரல் மூட்டுகள் வீங்கி அண்ணியால் சீட்டைப் பிடிக்க முடியாமல் போனதால், ஒரே பட்டனைத் தட்டி ஆடும்படி எழுதியிருந்தார்.

“எனக்குன்னு தெரியாம, அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு அழுங்கன்னு திட்டினேன் தம்பி.”

கடைசி வரி, ஜெயித்தால் திரையில் வரவேண்டிய வாசகம். மேற்கோள்குறியைத் திறந்திருந்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் என் மெஷினில் தட்டி, கேசட்டில் பதிந்து, மெஷினோடு அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த இடத்தைக் காலியாக விட எனக்கு மனசு வரவில்லை. ‘ஜெயிச்சிட்டே கண்ணு’ என்று இங்கிலீஷ் எழுத்தில் நானே சேர்த்திருந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் அண்ணி ஜெயித்தார். திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“அவரு என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டதே இல்லையே தம்பி.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. வாசகம் நான் சேர்த்தது என்பதையும் சொன்னேன், கேசட் பிளேயரைச் சரிசெய்யாமல் இழுத்தடித்ததையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அண்ணி திட்டியிருந்தால்கூடத் தேவலை. அழித்துவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

அழித்தேன். மறுபடி ஆடினார், ஜெயித்தார். திரை காலியாகி, மூலையில் கர்சர் மட்டும் துடித்தது.

“இங்கதான் தண்ணி குடிக்க எந்திரிச்சாரு, திரும்பி வந்து உக்காரவே இல்ல,” என்றார். பிறகு அண்ணனின் மெஷின் பக்கம் திரும்பினார். “ஒரு எழுத்தும் விடலையே?”

“இல்ல அண்ணி.”

“கூட்டவும் இல்லையே?”

“இல்ல.”

வீங்கிய விரலால் சுவிட்சைத் தேடி, அண்ணியே அணைத்தார்.