கடைசி நாலு கிலோமீட்டர்

1

இந்தக் கதை ஒரு டயர் கடையில் பிறந்தது. போன மாதம் பஞ்சர் ஒட்டப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண், பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இரண்டு டயர்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் கைச்சரக்கு.

(இதில் ஒரு பொய் இருக்கிறது. நாலாவது பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை வரும்போலிருந்த ஒரு பிற்பகலில், ரப்பர் வாசனை தெருவெங்கும்—"

வேண்டாம். மழையில் தொடங்கினால் அவள் அழுதுவிடுவாள். அவள் அழுகிற ரகம் இல்லை.

மறுபடியும். அவள் கண்ணாடிக்கடைக்காரி. ஐம்பதை நெருங்குகிறாள். வருகிறவர்களின் மூக்கில் ஒரு சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் பிழைப்பு. இருபது வருஷமாக ஊராரைத் தேர்ந்தெடுக்க வைத்தவளுக்குத் தனக்கென்று ஒரு டயரைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. [ரொம்பத்தான் பொருத்தம் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். இதை மட்டும் நான் கட்டவில்லை.]

வண்டி செகண்ட் ஹேண்ட். பழைய சொந்தக்காரர் அதை ஷெட்டில் போட்டுப் பூட்டியே வைத்திருந்தார்.

3

"பின் டயர்ல பட்டன் அப்படியே இருக்கே. இத எதுக்கு மாத்தணும்?" என்றாள், டயரின் மேடுகளைத் தடவிக்கொண்டே.

டயர் கடைக்காரர் அதன் பக்கவாட்டை அழுத்திக் காட்டினார். முடி முடியாக வெடிப்பு.

"ஓடித் தேஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியும்மா. இது ஓடவே இல்ல. ஆறு வருஷம் நின்ன இடத்துலயே இறுகிப்போச்சு. பாக்க ராஜா மாதிரி இருக்கும். ஏதாவது ஒரு திருப்பத்துல காலை வாரிடும்."

ஆறு வருஷம். அவளும் தங்கையும் பேசாமல் இருப்பதும் அவ்வளவு நாள்தான். "போனா திரும்பி வராத" என்று அவள் ஏதோ கோபத்தில் சொன்னாள். தங்கை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

கடைக்காரர் இரண்டு டயர்களைச் சுவரோரம் சாய்த்தார். ஒன்றில் மெல்லிய கோடுகள். இன்னொன்றில் தடித்த பட்டன்கள்.

"எங்க ஓட்டப்போறீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

"அங்க ரோடு எப்படி?"

"பாத்ததில்லைங்க."

தூக்கி நிறுத்திய முன் சக்கரம் காற்றில் தானாக மெல்லச் சுற்றியது. அதைப் பார்த்தபடியே அவள் எட்டு மணி நேரப் பாதையைப் போய்விட்டாள். பாலம், ரயில்வே கேட், இரண்டு பக்கமும் வயல், மறுபடி ஒரு பாலம். தங்கையின் ஊர் வந்ததும் எல்லாம் மங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குமே, அப்படி. வீடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

"அப்ப கேட்டுட்டு வாங்க" என்றார் கடைக்காரர். "இந்தக் கோடு போட்டது மண்ணுல வழுக்கும். அந்தப் பட்டன் டயர் தார்ல உறுமிக்கிட்டே போகும். போற இடம் தெரியாம நான் மாட்ட மாட்டேன்."

4

பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தப் பெண்ணையும் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. நேற்றுக் காலை என் போனுக்கு ஒரு படம் வந்தது. கட்டைமேல் நிற்கும் மோட்டார் சைக்கிள், பின் சக்கரம் இல்லை. கீழே ஒரு வரி: "உன் வீட்டுக்கு வர்ற ரோடு தாரா, மண்ணா?"

அக்கா. பெயர்கூடப் போடவில்லை.

பதில் எழுதப் பயந்துகொண்டு கதை எழுத உட்கார்ந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை.*

* டயர் கடைக்காரர் முழுக்க என் கற்பனை. அக்காவிடம் யாராவது ஒருவர் பயப்படாமல் கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

5

முடிவு ஒன்று: "எல்லாம் தார்தான்" என்று கௌரவத்துக்காக எழுதிவிடுகிறேன். அதை நம்பி அவள் கோடு போட்ட டயரோடு கிளம்பி, கடைசித் திருப்பத்தில்—

அடித்துவிட்டேன். அதை எழுத என்னால் முடியாது.

முடிவு இரண்டு: பதில் அனுப்பவில்லை. வண்டி கட்டைமேலேயே நிற்கிறது. இந்த முடிவைத்தான் ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு மூன்று: நேற்று மாலை போனை எடுத்தேன். "கடைசி நாலு கிலோமீட்டர் மண் ரோடு. பட்டன் டயர் போடு. திருப்பத்துல ஒரு பள்ளம் இருக்கு. மெதுவா வா." கடைசி இரண்டு வார்த்தைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவள் பார்த்துவிட்டாள்.

கிளம்பினாளா, வருவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு வேலை இருக்கிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தை மூடிவிட்டு வருகிறேன். அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டால் நீங்கள் கதவைத் திறந்துவிடுங்கள். தாழ்ப்பாள் இறுகியிருக்கும், கொஞ்சம் பலமாக இழுங்கள்.