பெட்டி வைத்த இடம்

தாரிணி மேல் குறை சொல்லும்படி எதுவும் இல்லை. கனகவல்லிக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது.

செகந்திராபாத்தில் ஜெயச்சந்திரன் நடத்திய கம்பெனி சின்னது. பஸ், வேன்களில் கேமரா மாட்டி, வண்டி ஓடும் நேரமெல்லாம் படம் பதிவாகும்படி செய்து கொடுக்கிற வேலை. 2012இல் ஐ.டி. கம்பெனிகள் ஊழியர் பஸ்களுக்கு இதைக் கேட்க ஆரம்பித்திருந்தன. அதற்கு முன்னால், அவர் கார் ஸ்டீரியோவும் ஹாரனும் மாட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே கனகவல்லி அவரிடம் வேலை பார்த்தாள். குடியாத்தத்துக்காரி. கல்யாணமாகி லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. கணவர் அருணாசலம் அங்கே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். பத்தாவதோடு படிப்பு நின்றவள்தான்; ஆனால் காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் ஒப்பந்த வேலையில் வயர் கற்றை கட்டிய கை. ஒரு வயரை விரலில் உருட்டிப் பார்த்தே அது எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடுவாள்.

எந்த வண்டி வந்தாலும் ஜெயச்சந்திரன், "கனகா, நீ ஒரு தடவை ஏறிப் பாத்துட்டுச் சொல்லு" என்பார். அவள் ஏறி, சீட்டுக்கு அடியில் குனிந்து, மேல்தகட்டைத் தட்டிப் பார்த்து இறங்கும்வரை மற்றவர்கள் கீழே காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு அவளுக்குப் பிடிக்கும். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

தாரிணி அந்த ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்த கோயம்புத்தூர் இன்ஜினியர். இருபத்தாறு வயசு. சென்னையில் கார்களுக்குக் கேமரா பொருத்தும் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தவள். அவள் வந்ததிலிருந்து ஜெயச்சந்திரனின் பேச்சு மாறிவிட்டது.

"தாரிணி, நீங்க பிளான் போட்டுக் குடுங்க. கனகா, அவங்க சொல்ற மாதிரி வயர் இழுத்துடு."

இருபத்தாறு வயசுக்கு 'நீங்க'. முப்பத்தெட்டு வயசுக்கு 'இழுத்துடு'. கனகவல்லி அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இரண்டு வாய் சாப்பிட்டு மூடி வைத்துவிட்டாள்.

அந்தப் பெண்ணோ கொஞ்சம்கூடக் கர்வம் இல்லாதவள். "அக்கா, இந்த முனையை எப்படிங்க்கா இவ்வளவு சுத்தமா கட்டுறீங்க, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று பக்கத்தில் வந்து உட்காருவாள். சொல்லிக் கொடுத்தால் இரண்டே நாளில் கற்றுக்கொள்வாள். இதையும் எடுத்துக்கொண்டாளே என்று கனகவல்லிக்கு இருக்கும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனகவல்லியின் வீட்டில் இருந்த ஒரு கருவியை வாங்கிக்கொண்டு போகத் தாரிணி லாலாகுடாவுக்கு வந்தாள். பத்தாவது போகப்போகிற மகள் ஸ்ரேயா கணக்குப் புத்தகத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷத்தில் போகவேண்டிய தாரிணி ஒன்றரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த கனகவல்லிக்கு மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டில் எது கேட்டாலும் தெலுங்கில் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டு எழுந்து போகிற பெண், தாரிணியிடம் தப்பும் தவறுமான தமிழில் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு ஸ்ரேயா சொன்னாள்: "அம்மா, தாரிணி அக்கா சூப்பர். நேனு கூடா, நானும் இன்ஜினியரிங்தான் படிப்பேன். அவங்கதான் உனக்கு பாஸா?"

"நக்கோ" என்று மறுத்தாள் கனகவல்லி. "பாஸும் இல்ல ஒண்ணும் இல்ல. கூட வேலை செய்யுது, அவ்ளோதான்."

"பட் அவங்கதானே பிளான் போடறாங்க?"

கனகவல்லி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினாள்.

அந்த வாரம்தான் பெரிய வேலை வந்தது. கச்சிபௌலியில் இருந்த ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் பன்னிரண்டு பஸ்கள். முதலில் ஒரு பஸ்ஸில் மாட்டிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் மீதிப் பதினொன்று. திருமுல்கேரியில் பஸ்கள் நிற்கும் ஷெட்டில் வேலை. கண்ணாடியில் சாலையைப் பார்க்க ஒரு கேமரா, வாசற்படிக்கு ஒன்று, உள்ளே இரண்டு. டிரைவர் பக்கத்தில் சின்னத் திரை, ஆபத்துக்கு அழுத்தச் சிவப்புப் பொத்தான், கூரையில் ஆன்டெனா. எல்லா வயரும் வந்து சேருவது ஒரு இரும்புப் பெட்டியில். படம் பதிவாகும் டிஸ்க் அதற்குள்தான் இருந்தது.

அந்தப் பெட்டிக்குத் தாரிணி குறித்திருந்த இடம், டிரைவருக்கு இடது பக்கம், இன்ஜின் மூடியை ஒட்டியிருந்த அறை. பூட்டு இருந்தது, வயர் தூரமும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

கனகவல்லி மூடி மேல் கை வைத்துப் பார்த்தாள். வண்டி முந்தின நாளிலிருந்து நின்றுகொண்டிருந்ததால் சில்லென்றிருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியும். இந்த மாதிரி பஸ்களில் இன்ஜின் முன்னால், டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு மணி நேரம் ஓடினால் அந்த மூடியில் கை வைக்க முடியாது. டிரைவர்கள் சோற்று டப்பாவை அதன்மேல் வைத்துச் சூடு பண்ணிக்கொள்வார்கள். மே மாத வெயிலில், காற்றுப் புகாத அந்த அறைக்குள் டிஸ்க் வெந்து நின்றுவிடும். கார் வேலை மட்டும் பார்த்த தாரிணிக்கு அது தெரிய வழியில்லை.

"என்னங்க்கா, இடம் சரிதானுங்களே?" என்று தாரிணி கேட்டாள்.

வாய் வரைக்கும் வந்தது. பஸ்ஸுக்குக் கீழே ஜெயச்சந்திரன் நின்று தாரிணியின் வரைபடத்தை யாரிடமோ காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிளான் உன்னுது. நான் என்னாத்த சொல்றது" என்றாள் கனகவல்லி.

ஒரு நாள் பெட்டி நிற்கட்டும். ஒரே ஒரு நாள், எல்லாருக்கும் முன்னால் நிற்கட்டும். அப்போது சார் என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டே, அன்று தன் வாழ்நாளில் செய்ததிலேயே மிகச் சுத்தமான வேலையைச் செய்தாள். வயர் எதையும் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. சாயங்காலம் நின்ற வண்டியிலேயே சோதித்தார்கள். நாலு படமும் பளிச்சென்று வந்தன.

வெள்ளிக்கிழமை காலை அந்த பஸ் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு கச்சிபௌலிக்குப் புறப்பட்டது. ஓட்டியவர் முகமது யூசுப். ஆம்பூர்க்காரர், ஐம்பது வயசைத் தாண்டியவர். இருபது வருஷமாக இந்த ஊர்ச் சாலைகளில் பெரிய வண்டி ஓட்டுகிறவர். மேஹ்திபட்ணத்துக்கு அப்பால் ஒரு ஆட்டோ பஸ்ஸின் பக்கவாட்டில் மோதியது. ஆட்டோக்காரனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பஸ்தான் தன்மேல் ஏறி வந்தது என்றான் அவன். குறுக்கே புகுந்தது ஆட்டோதான் என்றார் யூசுப். முன் சீட்டில் இருந்த ஒரு பெண்ணும் அப்படியேதான் சொன்னாள்.

ஐ.டி. கம்பெனியின் போக்குவரத்து மேனேஜர் ரகுநாதன், இதற்குத்தானே கேமரா என்று பதிவைத் திறந்து பார்த்தார். விபத்துக்கு நாலு நிமிஷம் முன்னால் படம் நின்றிருந்தது.

மதியம் ஜெயச்சந்திரனுக்குப் போன் வந்தது. "பெட்டி நின்னு போச்சாம்" என்று அவர் சொன்னபோது கனகவல்லிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். உடம்பெல்லாம் பரவிய சந்தோஷம். தாரிணியின் முகம் வெளுத்ததைக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். விபத்து விஷயம் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

மூன்று பேரும் ஷெட்டுக்குப் போனபோது மணி மூன்றரை. பஸ் காலையிலேயே திரும்பி வந்து நிழலில் நின்றிருந்தது. ரகுநாதனும் யூசுப்பும் அதற்குள் காத்திருந்தார்கள். தாரிணி அறையைத் திறந்து ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தாள். சாவியைத் திருப்பியதும் பெட்டி உயிர் பெற்றது, படம் வந்தது. நின்றுபோன நேரத்தை மட்டும் அது குறித்து வைத்திருந்தது, காரணத்தை அல்ல.

"எல்லாம் டைட்டாத்தான் இருக்குதுங்க சார். எதனால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

"எனக்குத் தெரியுது" என்றார் ரகுநாதன். "இப்ப நல்லா வேலை செய்யற பெட்டி, கரெக்டா ஆக்சிடென்டுக்கு முன்னாடி மட்டும் நிக்குமா? வயரைப் பிடுங்கிட்டு அப்புறமா சொருகியிருக்காங்க. தூங்கினீங்களா யூசுப், இல்ல போன் பேசிட்டிருந்தீங்களா?"

"அல்லா சத்தியமா நான் அதுல கை வைக்கல சார். ரெண்டு கையும் ஸ்டீரிங்லதான் இருந்துச்சி."

"அந்த முன் சீட்டுப் பொண்ணு உங்களுக்காகச் சொல்லுது. படம் எங்க? சாவியை வச்சிட்டுப் போங்க. திங்கட்கிழமைலேருந்து வரவேணாம்."

யூசுப் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் கனகவல்லியைப் பார்த்தார். "ஏம்மா, மிஷினு தானா நிக்காதா? நீயாவது சொல்லு."

கனகவல்லி தரையைப் பார்த்தாள். தாரிணி தானாகவே கண்டுபிடித்துவிட மாட்டாளா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். தாரிணி உதட்டைக் கடித்தபடி வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணைத் தலைகுனிய வைக்கத்தானே ஆசைப்பட்டோம், இந்த மனுஷர் எங்கிருந்து நடுவில் வந்தார் என்று கனகவல்லி நினைத்தாள். யூசுப் வண்டியிலிருந்து சாவியை உருவிச் சீட்டின் மேல் வைத்தார். படியில் கால் வைத்து இறங்கத் திரும்பினார்.

"இருங்க பாய்" என்றாள் கனகவல்லி. "சார், வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. யாரும் எதையும் தொடவேணாம். சும்மா ஓடட்டும்."

"எதுக்கும்மா?" என்றார் ரகுநாதன்.

"பெட்டி சூட்டுல நிக்குது. இந்த மூடி மேல சோறு சூடு பண்ணுவாங்க சார், அந்தச் சூடு. அதுக்குப் பக்கத்துலயே வச்சிருக்குது. காலைல ஒரு மணி நேரம் ஓடினப்புறம்தான நின்னுது?"

யூசுப் திரும்பி வந்து சாவியை எடுத்து இன்ஜினை முடுக்கினார். ஐந்து பேரும் பஸ்ஸுக்குள்ளேயே வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் மூடி சுட ஆரம்பித்தது. முக்கால் மணி ஆனது. ரகுநாதன் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, யார் கையும் படாமல், திரையில் நாலு படமும் ஒன்றாக அணைந்தன.

ரகுநாதன் இன்ஜினை அணைத்து, சாவியை உருவி யூசுப்பின் கையில் கொடுத்தார். பிறகு, "அந்த முன் சீட்டுப் பொண்ணுகிட்ட எழுதி வாங்கி போலீஸுக்கு அனுப்பிடறேன். நீங்க திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார். மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை.

இறங்கியதும் யூசுப் நெஞ்சில் கை வைத்து, "அல்லா உன் புள்ளைங்கள நல்லா வைக்கட்டும்மா" என்றார். கனகவல்லியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நகர்ந்து, தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றுகொண்டாள்.

ஜெயச்சந்திரன் அங்கேயே தாரிணியைப் பிடித்துக்கொண்டார். "இன்ஜினுக்குப் பக்கத்துல டிஸ்க்க வைக்கலாமா? இதுகூடத் தெரியாமயா பிளான் போட்டீங்க? மீதி வண்டிக்கெல்லாம் கனகா சொல்ற இடம்தான். கனகா, நீயே ஏறிப் பாத்துச் சொல்லிடு."

நாலு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"நான் முதல்லயே சொல்லியிருக்கணும் சார்" என்றாள்.

"விடும்மா, நீ சொல்லலேன்னா இன்னைக்கு ஆர்டரே போயிருக்கும்" என்று அவர் ரகுநாதனோடு பேசப் போய்விட்டார். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

கேட்டுக்கொண்டவள் தாரிணிதான். கருவிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டு குழாயடிக்கு வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு மூடி மேல கை வச்சுப் பாத்தீங்கல்ல. அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அப்படிப்பட்ட பெண்தான்.

"ஹவ்" என்று தலையாட்டினாள். "தெரியும்."

"நான் கேட்டேனேங்க்கா."

"கேட்ட. நான்தான் சொல்லல. உம்மேல எரிச்சல். நீ ஒண்ணும் பண்ணல. உன்னப் பாத்தாலே எரிச்சலா இருந்துச்சி, அதான்."

தாரிணி அழுவாள் என்று கனகவல்லி எதிர்பார்த்தாள், அழவில்லை. "என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமுங்க. அந்த பாய் என்னங்க பண்ணினார்" என்று மட்டும் கேட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனாள்.

பெட்டியைப் பின்னால், கடைசி சீட்டுக்கு அடியில் மாற்றினார்கள். மீதிப் பதினொரு பஸ்களின் வேலை ஜூன் முழுக்க ஓடியது. தாரிணி முன்போல வந்து பக்கத்தில் உட்காருவதில்லை. லாலாகுடாவுக்கும் வரவில்லை. ஸ்ரேயா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது கனகவல்லி, "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், அதான் வரல" என்று சொன்னாள். மகள் அம்மாவின் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

ஏழாவது பஸ் வேறு மாடல், இன்ஜின் பின்னால். தாரிணி புதிதாக ஒரு பிளான் போட்டுக் கொண்டுவந்து கனகவல்லியிடம் நீட்டினாள். கொடுத்துவிட்டுப் போகாமல், அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

கனகவல்லி காகிதத்தோடு பஸ்ஸில் ஏறினாள். முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தாள். குனிந்து பார்த்தாள், தகட்டைத் தட்டினாள், கூரை ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். எங்காவது ஒரு சின்னப் பிசகு இருக்காதா என்று இரண்டாம் தடவையும் தேடினாள். இல்லை. மனசின் ஒரு மூலையில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

படியில் இறங்கி வந்து, "எல்லாம் சரியா இருக்குது" என்று தாரிணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு உட்கார்ந்து வயரை அளக்க ஆரம்பித்தாள்.