எண்ணூர் சாலையில் சவரிநாதன் பத்து எண்ணியது

சவரிநாதனுக்கு முப்பத்தாறு வயது. மூளை வளர்ச்சி மெதுவு என்று குழந்தைப் பருவத்திலேயே டாக்டர் சொல்லிவிட்டார். ராயபுரம் சர்ச் ஹாலில் அவனைப் போன்ற எட்டுப் பேருக்கு மகிழினி டீச்சர் மனசை நிறுத்தும் பயிற்சி நடத்தினாள். கண்ணை மூடி, பாதம் தரையில் படுவதைக் கவனித்து, பத்து மூச்சு எண்ண வேண்டும். கவனம் சிதறினால் மறுபடி ஒன்றிலிருந்து. சவரிநாதன் இதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

2004இல் ஒரு மத்தியானம். வகுப்பு முடிந்து திருவொற்றியூர் திரும்பிய வேன் நடுவழியில் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரி டிரைவர் தமீமும் ஆட்டோக்காரன் அறிவும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டோவை லாரி இடித்துவிட்டதாம்.

சவரிநாதன் இறங்கிப் போனான்.

"சட்டய வுடு நைனா. கண்ண மூடு. கால கவனி. பத்து மூச்சு, நான் எண்றேன்."

இருவருக்கும் கை வலித்துக்கொண்டிருந்தது. விடுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கண்ணை மூடினார்கள்.

நாலு வரும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "ஒண்ணு," என்றான் சவரிநாதன். ஏழில் ஒரு பஸ். மறுபடி ஒன்று.

"இன்னாபா, முடிஞ்சிதா?" என்றார் தமீம்.

"பேசிட்ட. ஒண்ணு."

டிராஃபிக் கான்ஸ்டபிள் லத்தியோடு ஓடிவந்தார். "நடுரோட்டுல இன்னாய்யா பண்ணிகினு கீறீங்க?"

"ஒண்ணு."

அறிவு கண்ணைத் திறக்காமலே கும்பிட்டான். "சார், பேசாதீங்க சார்! ஒம்போது வரிக்கும் வந்துட்டாரு!"

"நீயும் பேசிட்ட. ஒண்ணு," என்றான் சவரிநாதன்.

கான்ஸ்டபிள் ஒரு கணம் யோசித்தார். பிறகு பின்னால் ஓடி, ஒவ்வொரு லாரிக் கதவையும் தட்டி, வாயில் விரலை வைத்துக் காட்டினார். ஹாரன்கள் அடங்கின. என்ஜின்களும் ஒவ்வொன்றாக நின்றன. கிழக்கே பாறைகளில் அலை மோதுவது கேட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த பெண்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"பத்து," என்றான் சவரிநாதன்.

அறிவு கண்ணைத் திறந்து தன் ஆட்டோவைச் சுற்றிவந்து பார்த்தான். "மாமு, தப்பா நெனச்சிக்காத. இது போன மாசம் நசுங்குனது."

சவரிநாதன் வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தங்கை ரோசி பதறிப்போய் வாசலுக்கே வந்துவிட்டாள். "இன்னாண்ணா இவ்ளோ லேட்டு?"

"வேல இருந்துது."

அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை. கைகால் கழுவிக்கொண்டு, ஹார்பரில் வேலை முடிந்து திரும்பும் ஆண்களைப் போலவே வாசற்படியில் உட்கார்ந்து, டீ கேட்டான்.