ராமுத்தாய் செய்த சீர்

தேவாரம் ஊரில் ராமுத்தாய்க்குக் கஞ்சப்பிசினாரி என்று பேர். ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப் வழியில் நிற்கும்போது மற்ற பெண்கள் இறங்கி வடையும் டீயும் சாப்பிடுவார்கள். இவள் இறங்க மாட்டாள். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போவாள், அம்மனைக் கும்பிடுவாள், ஒரு வளையல்கூட வாங்காமல் திரும்புவாள். சிரிக்கிறவர்கள் சிரித்துத் தொலையட்டும்! வாடகை வீட்டுக்காரன் இவள் சாமான்களைத் தெருவில் தூக்கி வைத்த அன்றைக்கு அவர்களில் எவள் வந்து ஒரு குடத்தைத் தூக்கினாள்? ரெண்டு சென்ட் நிலம், அதில் எவனும் காலி பண்ணச் சொல்ல முடியாத ஒரு வீடு. அதற்காகத்தான் அவள் இத்தனை வருசமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாள்.

நிலமும் அமைந்தது. ஊருக்கு மேற்கே, மளிகைக்கடை சுயம்புலிங்கத்தின் மனை. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு முடித்துவிடுவேன் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமான நேரம். ஒருநாள் கூலி போகுமே என்று, பணத்தைப் புருசன் தங்கப்பாண்டியன் கையில் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினாள். சிக்கனம் பார்த்தாளாம் சிக்கனம்! சாயங்காலம் அவன், "குடுத்தாச்சு" என்றான். அவளும் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா பாண்டீஸ்வரி மகள் திரிஷாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் இவன்தான் கொண்டுபோக வேண்டும். வேண்டாமென்று யார் சொன்னது? தோடு, பட்டுப்பாவாடை, ஒரு தட்டுப் பழம் எல்லாம் ராமுத்தாயே வாங்கி வைத்திருந்தாள்.

அந்தத் தட்டோடு மண்டபத்துத் தெருமுனைக்குப் போனால் அங்கே ஒரு ஊர்வலமே நின்றது. கேரளத்துச் செண்டை மேளம், இருபது பேர். மாலை போட்ட கிடாக்கள். வேன் நிறையச் சீர்த்தட்டுகள். நடுவில் புது வேட்டியில் தங்கப்பாண்டியன்.

"இம்புட்டும் ஏதுங்க?"

"பெறகு பேசுவோம், நட."

"மனைக்காரருகிட்ட பணத்தக் குடுத்தீகளா, இல்லையா?"

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு இருக்கது ஒரே அக்கா. சீரு சின்னதாப் போனா ஊருல நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசிருவாக. அவரு நேத்தே வேற ஆளுக்கு முடிச்சுட்டாராம். விடு, இதுவும் சேமிப்புதான். செஞ்ச மொறையெல்லாம் நம்ம வீட்டு விசேசத்துக்குத் திரும்பி வந்துரும்."

"நம்ம வீட்டுல என்னய்யா விசேசம்? எந்தப் புள்ள இருக்கு நமக்கு, காது குத்த?"

அவன் புது வேட்டியின் மடிப்பைச் சரிசெய்தான். படுபாவி! ஒரு டீக்கு ஏங்கிய நாளெல்லாம் அந்த மேளத்தில் போய்விட்டது. வாங்கித் தின்றிருந்தால் ருசியாவது மிஞ்சியிருக்கும்.

தட்டைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று மண்டபத்துக்குள் நடந்தாள். யார் என்ன செய்முறை செய்தார்கள் என்று மைக்கில் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மேசை முன்னால் போய் நின்றாள்.

"எழுதுய்யா. திரிஷாவுக்கு அத்தை ராமுத்தாய் செஞ்ச சீரு, ரெண்டு சென்ட் நெலம்."

மைக் பிடித்திருந்தவன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்: "தாய்மாமன் தங்கப்பாண்டியன் சம்சாரம் ராமுத்தாய், ரெண்டு சென்ட் நெலம்!"

மண்டபமே விசிலடித்தது. கஞ்சப்பிசினாரி என்றவர்களெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். செண்டைக்காரர்கள் உள்ளே நுழைந்து இன்னும் உரக்க அடித்தார்கள். தங்கப்பாண்டியன் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

பாண்டீஸ்வரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய மனசு ஒனக்கு! பத்திரம் எங்கனத்தா இருக்கு?"

ராமுத்தாய் அந்தக் கையை விலக்கினாள்.

"அந்தா மேளக்காரக கழுத்துல தொங்குதுல்ல மதினி, அதுதான். அங்கன போயி அவுத்து வாங்கிக்குங்க."