கிதாருக்குள் கேட்ட பட்டறை

வேடசந்தூரில் பழனியம்மாளின் கல்யாணப் பந்தலில், பெண்கள் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த செபாஸ்தியம்மாளின் வாய் சட்டென்று நின்றது. மேடையில் அவள் அண்ணன் குழுவின் பொன்னுத்துரை கண்ணை மூடிக்கொண்டு கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். ஆடுவது அவன் விரல். கேட்பது அவளுடைய வாசிப்பு.

முதலில் அவளே நம்பவில்லை. ஒரு மெட்டை நாலு பேர் வாசிக்கலாம். ஆனால் இது சினிமா மெட்டு இல்லை, அவளே கட்டியது. இரண்டாவது அடியில் விரல் வழுக்க, அந்த வழுக்கலையே ஒரு குழைவாக்கிச் சமாளித்திருந்தாள். அந்த இடமும் அச்சு மாறாமல் வந்தது. போதாக்குறைக்குக் குழைவுக்குப் பின்னால் டொக், டொக், டொக் என்று ஒரு சத்தம். பந்தலில் யாரும் எதையும் தட்டவில்லை. திண்டுக்கல்லில் அவள் வீட்டுச் சுவரை ஒட்டியிருக்கிற மைதீன் பிச்சையின் பூட்டுப் பட்டறைச் சுத்தியல் அது. தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

உள்ளங்காலில் பிடித்து உச்சி வரை எரிந்தது அவளுக்கு.

அண்ணன் சவரிமுத்துவுக்கு மைக் செட் தொழில். கூடவே ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்தினான். காந்தத்தில் செம்புக் கம்பி சுற்றி, அவள் கிதாரை எலெக்ட்ரிக் கிதார் ஆக்கிக் கொடுத்தவன் அவன்தான். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா காதில் விழக்கூடாது என்று, கிதார் ஒயரை நேராக டேப் ரிக்கார்டரில் சொருகி, ஸ்பீக்கர் பெட்டியில் சத்தமே வராமல் வாசிக்க வைப்பான். ஹெட்போனில் அவளுக்குத் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிதான் கேட்கும்.

"நீ வாசிச்சுட்டு உன் தையல் கிளாசுக்குக் கெளம்பு. இந்த டேப்ப ஆம்பிளிஃபையர்ல விட்டுப் பெரிய பெட்டி வழியா அலற வச்சு, முன்னால மைக்க வச்சு இன்னொரு மிசின்ல பிடிச்சுக்கிறேன். அப்பத்தான் சத்தத்துக்குச் சதை பிடிக்கும். அதத் திருச்சி ரேடியோவுக்கு அனுப்பி வப்போம்" என்பான்.

மைக் செட்காரன் வீட்டில் பகலில் பெட்டி அலறினால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அப்படி மூன்று டேப் பிடித்தான். அந்த மைக்கில்தான் பட்டறைச் சுத்தியலும் ஏறியிருக்க வேண்டும். மூன்றையும் அனுப்பிவிட்டதாகச் சொன்னான். "பதில் வரல தாயி. இன்னும் கொஞ்சம் நல்லா வாசிக்கணும் போல" என்றும் சொன்னான். அந்தப் பேச்சை நம்பி விரல் நுனி வெடிக்கிற வரை வாசித்தாளே, அதுதான் இப்போது அவள் நெஞ்சை அறுத்தது. திருடினவன் திருடினதோடு போகாமல், உன் சரக்கு சரியில்லை என்று பறிகொடுத்தவளிடமே சொல்லியிருக்கிறான்!

வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். மேடைக்குப் பின்னால் தொங்கிய படுதாவை விலக்கினாள். டேப் ரிக்கார்டர் பக்கத்தில் சவரிமுத்து குந்தியிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனது.

"நீ எங்க புள்ள இங்க?"

"பொண்ணு எங்கிட்டத் தையல் படிச்சவ. நீ எங்கிட்ட என்னத்தப் படிச்ச, திருட்டா?"

சுற்றிக்கொண்டிருந்த டேப் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கிதார் சத்தம் முனகி, இழுத்து, அடங்கியது. மேடையில் பொன்னுத்துரையின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடியிருந்தவனுக்கு என்ன நடந்தது என்று புரியவே செத்த நேரம் ஆனது. முன்வரிசைப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தன.

"என்னப்பா, மிசின் போச்சா?" என்று கத்தினார் பெண்ணின் தகப்பனார் சோலைமுத்து.

செபாஸ்தியம்மாள் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "மிசின் போகலைங்கய்யா. இம்புட்டு நேரம் பின்னால டொக்கு டொக்குன்னு கேட்டுச்சே, அது எங்க பக்கத்து வீட்டுப் பூட்டுப் பட்டறை. எங்க வீட்டுல வச்சு வாசிச்சது நான். இவரு இங்க கைய ஆட்டுனாரு, அம்புட்டுத்தான்."

பந்தலே சிரித்தது. பொன்னுத்துரை கிதாரை நாற்காலியில் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் இறங்கிப் போனான். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். ஒரு கம்பியைக் காணோம். மற்றவை கொடிக்கயிறு போலத் தொங்கின. ஒயரின் மறுமுனையை நாற்காலிக் காலில் கட்டி வைத்திருந்தார்கள். பாவிகள்! முடிச்சை அவிழ்த்து ஆம்பிளிஃபையரில் சொருகினாள். இருக்கிற ஐந்து கம்பியை முறுக்கி, எல்லார் காதும் கேட்கச் சுருதி சேர்த்தாள்.

சவரிமுத்து ஓடிவந்து காதருகே குனிந்தான். "மானத்த வாங்காத தாயி. படுதாவுக்குப் பின்னால உக்காந்து வாசி. கேக்குறவுகளுக்குக் கேட்டாப் போதும்ல."

"மைக்கப் பிடிண்ணே. யாரு வாசிக்கிறான்னு சொல்லு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

அவன் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினான். "அடுத்ததாக, நமது குழுவின் கலைஞர்..."

செபாஸ்தியம்மாள் கம்பிகளின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "பேரு."

"எனது தங்கச்சி..."

"தங்கச்சிக்குப் பேரு வைக்கலையா?"

அதையும் மைக் வாங்கி ஒலிபரப்பியது. பிள்ளைகள் மறுபடி சிரித்தன. சவரிமுத்துவின் காது சிவந்துவிட்டது. "வாசிப்பவர் செபாஸ்தியம்மாள்" என்றான். தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய் அந்தப் பேரை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோனது.

அவள் கையை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். குழைவு வந்த இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் வாயாலேயே "டொக், டொக்" என்று தட்டிக் கொடுத்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் இரண்டு டேப் அவன் பெட்டியில் இருந்தது. அதிலிருந்த மெட்டுகளையும் ஒவ்வொன்றாக அந்தச் சனத்தின் முன்னால் வாசித்துத் தீர்த்த பிறகுதான் மேடையைவிட்டு இறங்கினாள்.